அக்கரைக் கூத்து

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் வரும் விரைவுப் பேருந்து பொம்மையார்பாளையத்தில் நிற்பதும் நிற்காததும் கண்டக்டரின் மனசைப் பொறுத்தது. எனக்கு வாய்த்தவர் நல்லவர். காலாப்பட்டில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இறங்கியதும் என் பக்கம் திரும்பி, “ஆரோவில் பீச்சா சார்? அது இன்னும் முன்னாடி போவணும்” என்றார். பொம்மையார்பாளையம்தான் என்றேன். “அங்க இன்னா சார் இருக்கு?” என்று கேட்டபடியே விசில் அடித்தார்.

கரீபியக் கவிதை கேட்க வந்தேன் என்று சொல்லியிருந்தால் என்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார். போனது என்னவோ அதற்குத்தான்.

கொஞ்ச காலமாக எனக்கு இந்தப் பித்து. ராத்திரி வேலை முடிந்ததும் கரீபியக் கவிஞர்கள் மேடையில் கவிதை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். லிண்டன் க்வெசி ஜான்சனில் ஆரம்பித்தது. 1952-ல் ஜமைக்காவில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் லண்டன் போய்ச் சேர்ந்தவர். ரெகே இசையின் அடியைக் கவிதை வரிக்குள்ளேயே வைத்து எழுதுகிறவர். வாத்தியம் எதுவும் இல்லாமல் தனியாக நின்று சொன்னாலும் பின்னால் பேஸ் கித்தார் ஓடுவது போலக் கேட்கும். இந்த வகைக்கு டப் கவிதை என்று பெயர். 2002-ல் பெங்குயின் நிறுவனம் தன் மாடர்ன் கிளாசிக்ஸ் வரிசையில் அவரைச் சேர்த்தது. அந்த வரிசையில் வந்த முதல் கறுப்பினக் கவிஞர் அவர்தான். அவருக்கும் முன்னோடி மிஸ் லூ என்று ஜமைக்காவே கொண்டாடிய லூயிஸ் பென்னெட். படித்தவர்கள் கொச்சை என்று மூக்கைப் பிடித்த சந்தைப் பேச்சிலேயே கவிதை எழுதி, மேடையிலும் வானொலியிலும் சொல்லிச் சொல்லி, அந்தப் பேச்சுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்த அம்மாள்.

இவர்களைக் கேட்கும்போது நம் கவியரங்கம் நினைவுக்கு வரும். நம் ஆட்களும் ஒரு வரியை இரண்டு தடவை சொல்வார்கள்: முதல் தடவை கேட்பதற்கு, இரண்டாம் தடவை கைதட்டுவதற்கு. ஆனால் இன்றைய கவியரங்கத்தில் தலைவரை வாழ்த்தி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. மிச்ச நேரத்தில் கவிதைக்கு எங்கே இடம்?

கரீபியம் என்றால் ஆப்பிரிக்க வம்சாவளி மட்டும் இல்லை. கயானாவில் மே 5, டிரினிடாடில் மே 30, இந்தியர் வந்திறங்கிய நாள். அன்று மேடை போட்டுப் பாட்டும் கவிதையும் நடக்கும். கயானாவின் மகாதை தாஸ் எழுதிய, கப்பல்களில் வந்தவர்களைப் பற்றிய கவிதையை அங்கே பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்தக் கப்பல்கள் பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து போனவை. நம் கப்பல்கள் போனது பிரெஞ்சுக்காரர்களின் தீவுகளுக்கு.

1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலையானவர்கள் பலர் கரும்புத் தோட்டத்தை விட்டு விலகினார்கள். முதலாளிகளுக்கு ஆள் வேண்டும்; புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மேஸ்திரிகளை வைத்து ஆள் பிடித்தார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே 6 அன்று மார்த்தினிக்கில் சேன் பியேர் துறையைத் தொட்டது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பில் இன்னொரு கூட்டத்தை இறக்கியது. ஒவ்வொரு நடையிலும் முந்நூறுக்கு மேல் ஆட்கள். 1880-களின் கடைசியில் ஆங்கிலேய அரசு நிறுத்தும் வரை குவாதலூப்புக்கு 42,000-க்கு மேலும், மார்த்தினிக்குக்கு 25,000-க்கு மேலும் போய்விட்டார்கள். பெரும்பாலோர் தமிழர்கள்.

அந்தக் குவாதலூப்பில்தான் எனக்கு நாத்ரோன் கிடைத்தது. நம் நாடகம்தான் அங்கே போய் நாத்ரோன் ஆனது. விடிய விடிய நடக்கும். வேஷம் கட்டி, மத்தளம் அடித்து, தாளம் தட்டித் தமிழ்ப் பாட்டுப் பாடுகிறார்கள். மத்தளத்துக்கு அங்கே மத்தலோன் என்று பெயர். பாடுகிறவர்களுக்கு வீட்டில் பேச்சு கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. பாட்டு மட்டும் காது வழியாக அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்த தமிழ். மாரியம்மன் மாலியெமென் ஆகி, மதுரை வீரன் மால்தெவிலென் ஆகி, கோயில்களில் இன்றும் பூசை வாங்குகிறார்கள். பாடுகிறவர்களுக்கே பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. நான் ஒரு பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், எனக்கும் விளங்கவில்லை. யாரிடம் காட்டுவது என்று யோசித்தபோது, திண்டிவனத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: “எங்க பக்கத்துக் கூத்துக்காரர்கிட்ட காட்டு. அவர் காதுக்குத் தப்பாது.” கூத்துக்காரர் அப்போது பொம்மையார்பாளையத்தில் மகள் வீட்டில் இருந்தார்.

மாலையில்தான் வருவார் என்றார்கள். அதுவரை கடற்கரைக்குப் போனேன்.

மயிலம் முருகன் கோயிலைப் பரிபாலிக்கும் பொம்மபுர ஆதீனத்தோடு பெயரால் ஒட்டிய ஊர் இது. பக்தர்கள் மயிலத்துக்குப் போகிறார்கள். இங்கே வருகிறவர்கள் கடலுக்கு வருகிறார்கள். கடலோ ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது. 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல் கொட்டி அலைத்தடுப்பு கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். தடுப்பு அதை மறித்ததும், வடக்கே இருக்கிற குப்பங்களுக்கு மணல் வரத்து நின்றது. கோட்டக்குப்பம் தொடங்கி இங்கே வரை கரை அரித்துக்கொண்டே வருகிறது. நான் நின்ற இடத்தில் ஒரு வீட்டின் நான்கு படிகள் மட்டும் இருந்தன. மேலே ஏறினால் போய்ச் சேர வீடு இல்லை. படியில் உட்கார்ந்து ஒரு அம்மாள் வலையிலிருந்து சங்குப்பூச்சிகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “எங்க மாமியார் வூடு சார் இது. அப்பறம் ரெண்டு தெரு இருந்திச்சு” என்று அலையைக் காட்டினார்.

இங்கிருந்து புதுச்சேரி பத்து கிலோமீட்டருக்குள். ஆனால் அந்தக் கப்பல்கள் போன காலத்தில் இது வேறு ராஜ்யம். பொம்மையார்பாளையம் ஆங்கிலேயரின் தென்னாற்காடு ஜில்லா. கோட்டக்குப்பம் தாண்டினால் பிரெஞ்சுக்காரன் பூமி. ஆங்கிலேயப் பிரஜையைப் பிரெஞ்சுக் காலனிக்கு அனுப்ப 1861-ல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதற்கு முன்னாலும் எல்லை தாண்டி ஆள் கடத்துவது நடந்தது. 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தபின் மேஸ்திரிகளுக்கு வேலை சுலபமாகிவிட்டது. சோறு போடுகிறேன் என்றாலே போதும். வந்தவர்களை டெப்போவில் அடைத்து, கப்பல் வந்ததும் கடற்கரைக்கு ஓட்டிப் போவார்கள். புதுச்சேரியில் கப்பல் கரையோரம் வர முடியாது. 1866-ல் இரும்புப் பாலம் கட்டும் வரை அலை தாண்டிச் சலங்குப் படகில்தான் ஏற்ற வேண்டும். சலங்கு ஓட்டியவர்கள் இந்தக் கரையோர மீனவர்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதப் பயணம். கொண்டுபோன மூட்டையில் கொஞ்சம் வேப்பம் விதை, முருங்கை விதை. குவாதலூப்பில் இன்றும் இரண்டும் கிட்டத்தட்ட அதே பெயரில் காய்க்கின்றன.

கூத்தும் அந்த மூட்டையில்தான் போயிருக்க வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பாரதக் கூத்து இல்லாத திரௌபதி அம்மன் திருவிழா கிடையாது. கடலூரிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் நடந்து போனவனுக்குத் தெரிந்த ஒரே ராத்திரிக் கலை அதுதான்.

கூத்துக்காரர் ஐந்தரை மணிக்கு ஈ.சி.ஆர். ஓரத்து டீக்கடைக்கு வந்தார். அறுபத்தைந்து இருக்கும். பின்பாட்டும் மிருதங்கமும். வேஷம் கட்டுவதை முழங்கால் வலியால் விட்டுவிட்டார். “இன்னா தம்பி, படம் எடுக்கறீங்களா?” என்று சந்தேகமாகக் கேட்டார். இல்லை ஐயா, ஒரு பாட்டு கேட்கணும் என்று போனைக் கொடுத்தேன். லாரி போகிற சத்தத்தில் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் சவுக்குத் தோப்புப் பக்கம் போய், போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

முதல் தடவை முகம் சுளித்தார். “இன்னா பாஷை?”

“தமிழ்தாங்க.”

“இதுவா?” மறுபடி ஓட விட்டார். இடது கை தொடையில் தட்ட ஆரம்பித்தது. மூன்றாம் தடவை கேட்டுவிட்டுச் சொன்னார்: “அடி நம்ம அடிதான். கொஞ்சம் ஓடறான், நாம நின்னு அடிப்போம். பாட்டு, தெர விருத்தம் மாதிரி இருக்குது. ஆளு இன்னும் வெளிய வரல. தெரைக்குப் பின்னால இருந்து பாடறான்.” கூத்தில் வேஷக்காரர் மேடைக்கு வருமுன் இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதற்குள் நின்றபடி தன் வருகையைப் பாடுவார்.  அவருக்குக் காட்டியது வெறும் ஒலியை. அவர் சொன்னது சரியா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் வார்த்தை ஒன்று கூடப் பிடிபடாமல் தாளத்தையும் இடத்தையும் வைத்து அவர் போட்ட கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றையும் சொன்னேன். அந்தத் தீவுகளில் கறுப்பின மக்கள் துக்க வீட்டு ராத்திரியில் கதை சொல்வார்கள். சொல்கிறவர் “கிரிக்” என்று கூவினால் கூட்டம் “கிராக்” என்று பதில் கொடுக்க வேண்டும். குரல் குறைந்தால், முற்றம் தூங்குகிறதா என்று கேட்பார். தூங்கவில்லை என்று எல்லோரும் கத்த வேண்டும். கூத்துக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரனை இழுத்தார். “நம்ம கட்டியங்காரன் இன்னா பண்றான்? ரெண்டு மணிக்கு மேல எவன் தூங்கறானோ அவன் பேர் சொல்லிக் கூப்புட்டு மானத்த வாங்கிடுவான்ல!”

மார்த்தினிக்கின் வடகோடியில் பாஸ் புவான்த் என்று ஓர் ஊர். தமிழ் வம்சாவளியினர் நிறைந்த ஊர். கறுப்பு அடையாளத்தைப் பெருமையாக ஏந்திய நெக்ரிட்யூட் இயக்கத்தின் பெருங்கவிஞர் எமே செசேர் 1913-ல் பிறந்தது அங்கேதான். தமிழ்ப் பாட்டுகளை வாய்வழியாகக் காப்பாற்றி வைத்திருந்த பூசாரி அந்துவான் தங்கமேன், ஸ்வாஸோ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவர், அவரும் அந்த ஊர்தான். செசேர் 1939-ல் வெளியிட்ட நெடுங்கவிதையில், தானும் அவராக நிற்பேன் என்று ஒடுக்கப்பட்டவர்களை வரிசையாகச் சொல்லும்போது கல்கத்தா இந்துவையும் சேர்க்கிறார். பெருந்தன்மைதான். ஆனால் அவர் ஊர்க் கரும்புத் தோட்டத்தில் வெட்டிய இந்தியர்கள் பெரும்பாலும் நம்ம ஆட்கள். பக்கத்து வீட்டுக்காரனை விட்டுவிட்டுக் கல்கத்தா வரைக்கும் போய்விட்டார் கவிஞர்.

விட்டுப்போனதைப் பிறகு வந்தவர்கள் எழுதினார்கள். குவாதலூப்பின் எர்னஸ்ட் முத்துசாமி கவிஞர், நாவலாசிரியர், பிரெஞ்சுப் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். மொரீஷியஸின் கால் தொராபுல்லி 1992-ல் கூலிட்யூட் என்று ஒரு கொடியை நட்டார். வசைச் சொல்லையே பெருமையாக எடுத்துக்கொண்ட கவிதை. இவர்களுக்கு முன்னால் ஆன்ரி சிதம்பரம் இருக்கிறார். கவிஞர் இல்லை. குவாதலூப்பில் பிறந்த இந்திய வம்சாவளியினருக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1904-ல் வழக்கைத் தொடங்கி, 1923 வரை விடாமல் நடத்தி வென்றவர்.

நம் பக்கம் பாரதி. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தவர், கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட நம் பெண்களைப் பாடினார். அது பீஜித் தீவைப் பற்றியது. தான் உலாவிய அதே கடற்கரையிலிருந்து கால் நூற்றாண்டுக்கு முன்புவரை ஏற்றிப்போகப்பட்டவர்களுக்கு அவரிடமும் தனிப்பாட்டு இல்லை என்பது எனக்கு ஒரு குறை. பாரதியிடம் குறை சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம்.

மறுநாள் காலை புதுச்சேரி போகும் வழியில் கருவடிக்குப்பத்தில் இறங்கினேன். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி அங்கே இருக்கிறது. 1922-ல் புதுச்சேரியில் காலமானார். நாடகக்காரர்கள் வந்து கும்பிட்டுப் போகிற இடம். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயர்தான். கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’வை ஊர் ஊராகப் பாடிய கே.ஏ. குணசேகரன் பேராசிரியராக இருந்தது அந்தப் பள்ளியில். கையில் பறையோடு அவர் பாடியதை நேரில் கேட்டவர்களுக்கு லிண்டன் க்வெசி ஜான்சனை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆக, எல்லாம் இங்கே பக்கத்திலேயே கிடக்கிறது. கூத்துக் குழுக்கள் வானூரிலும் திண்டிவனத்திலும் இருக்கின்றன. நிகழ்கலைப் பள்ளி காலாப்பட்டில் இருக்கிறது. புதுச்சேரியில் 1889-லிருந்து அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. குவாதலூப்போடு பேசப் பிரெஞ்சு வேண்டும் என்றால் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒரு ராத்திரி, ஒரே மேடையில், முன்னிரவில் அக்கரைக் கவிஞர்களையும் நாத்ரோன்காரர்களையும் ஏற்றி, பின்னிரவில் நம் கூத்தை நடத்தினால் என்ன? ஊரும் கடற்கரையும் தயார். பல்கலைக்கழகத்தாரும் கலை பண்பாட்டுத் துறையினரும் இதைப் படித்தால் யோசிக்க வேண்டும்.

நாளும் நான் பார்த்துவிட்டேன். ஒரேலி மார்த்தினிக்கைத் தொட்ட மே 6. இதைச் சொன்னபோது கூத்துக்காரர் உடனே விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். “சித்திர மாசம் தம்பி. எங்களுக்கு சீசன். பாரதம் நடக்கற ஊரெல்லாம் தை மாசமே வெத்தல பாக்கு வெச்சிடுவான். வெள்ளக்கார தேசத்துலேர்ந்து வராங்கன்னு கடைசி நேரத்துல வந்து நிக்கக் கூடாது. முன்பணத்த தையிலயே குடுத்துடச் சொல்லுங்க.”