ரெண்டர் போடும் முன்

அன்புள்ள குமரா,

நேற்று அம்மா போனில் புலம்பித் தீர்த்துவிட்டாள். ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடுகிறதாம், நீயும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாயாம். விடிந்ததும் அடுத்த முகூர்த்தத்துக்கு பைக்கை எடுக்கிறாய். எனக்கு வயிற்றைக் கலக்குகிறதடா.

ரெண்டரில் எல்லா அமைப்பையும் ஏன் உச்சத்தில் வைக்கிறாய்? நீ எடுத்ததே 1080-ல். அதை 4கே ஆக்கினால் கோப்புதான் வீங்கும். கேமரா பார்க்காத ஜரிகை புதிதாக வந்துவிடாது. 25 ஃபிரேமில் எடுத்ததை 25-லேயே விடு. 30 ஆக்கினால் நடப்பவர்கள் திக்கித் திக்கி நடப்பார்கள். கணக்கையும் பார். மூன்று மணி நேரப் படம், 50 எம்பிபிஎஸ் பிட்ரேட் என்றால் 67 ஜிபிக்கு மேல். 16 வைத்தால் 22 ஜிபிக்குள் முடிந்துவிடும், 32 ஜிபி பென் டிரைவில் அடங்கும். பென் டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை ஏற்காது. வரவேற்பு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் 4 ஜிபிக்குள் அடங்கும்படி துண்டு துண்டாகக் கொடு.

அதற்காக ஒரேயடியாகக் குறைத்துவிடாதே. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் தாலி ஏறும் நேரம் சித்தி கண்ணைத் துடைத்ததைப் பிடித்தாயே, அந்த மாதிரி இடம்தான் முதலில் அடிபடும். எச்.264 ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் உள்ள மாற்றத்தைத்தான் பெரும்பாலும் எழுதி வைக்கிறது. கெட்டிமேளம் கொட்டி அட்சதையும் பூவும் பறக்கும்போது திரை முழுக்க மாற்றம்தான். பிட் போதாமல் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். அதனால் விபிஆர், இரண்டு பாஸ் வை. அமைதியான காட்சியில் மிச்சம் பிடித்து இங்கே செலவழிக்கும். நேரம் கூடுதலாக ஆகும்தான், ஆனால் இந்தத் தாமதத்துக்கு அர்த்தம் உண்டு.

முழுப் படத்தையும் ஓட்டுவதற்கு முன், அட்சதை விழும் அந்த 30 விநாடியை மட்டும் ரெண்டர் போட்டு அப்பாவின் டிவியில் பார். உன் மானிட்டரில் ஒளிந்திருக்கும் குறை அந்தப் பெரிய திரையில் தெரிந்துவிடும். யூடியூபுக்கு 1080-ல், 25 ஃபிரேமுக்கு அவர்கள் சொல்வது 8 எம்பிபிஎஸ். அவர்கள் எப்படியும் மறுபடி சுருக்குவார்கள், நீ கொஞ்சம் தாராளமாகவே கொடு.

இன்னொன்று, இதில் மட்டும் சோம்பல் படாதே. உயர்ந்த தரத்தில் ஒரு மாஸ்டர் பிரதியைத் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வை. அடுத்த வருஷம் கல்யாண நாளுக்கு ஒரு சின்ன வீடியோ வேண்டும் என்று வந்து நிற்பார்கள். பென் டிரைவுக்குச் சுருக்கியதையே எடுத்து மறுபடி சுருக்கினால் நிறமும் முகமும் இன்னும் மங்கிவிடும்.

குட்டி நீ அனுப்பிய வீடியோவை, “எங்க மாமா எடுத்தது” என்று தெருவெல்லாம் காட்டிவிட்டாள். எனக்கும் பெருமைதான். அந்த 30 விநாடித் துண்டை எனக்கும் அனுப்பு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது வேறு சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பு.

அன்புடன்,
அக்கா