'நடிக்காத' என்று சொல்வதற்கு முன்

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

தமிழில் நாம ரொம்ப சாதாரணமாகத் திட்டப் பயன்படுத்துற வார்த்தை ஒண்ணு இருக்கு. "நடிக்காத."

வயிறு வலிக்குது, ஸ்கூலுக்குப் போகலைன்னு சொல்ற பிள்ளையிடம் சொல்வோம். மாமியார் மருமகளைச் சொல்வார். மருமகள் மாமியாரைச் சொல்வார். அரசு மருத்துவமனை கேசுவாலிட்டியில் வேலை பார்க்கும் எனக்கு, இந்த வார்த்தை காதில் விழாத வாரம் கிடையாது.

கல்யாணமாகி சில மாதமே ஆன பெண், பரீட்சைக்கு முந்தின நாள் வரும் மாணவி, கடன் தொல்லையில் இருக்கும் இளைஞர். கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். கண்ணை இறுக்கி மூடியிருப்பார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல் என்று வரும். கூட வந்தவர் உடனே சொல்வார்: "நான் அப்பவே சொன்னேன் சார். சும்மா நடிக்கிறா."

அவர் நடிக்கவில்லை மக்களே.

இதற்கு ஃபங்ஷனல் சீஷர் என்று பெயர். மூளையின் அமைப்பில் கோளாறு இருக்காது, அது வேலை செய்கிற விதத்தில்தான் கோளாறு. காக்காய் வலிப்பில் வரும் மின் மாற்றம் இஇஜி-யில் தெரியாது. ஆனால் அந்தப் பெண் வேணும்னே எதையும் செய்யவில்லை. நினைத்த நேரத்தில் நிறுத்தவும் அவரால் முடியாது. சரியாகக் கண்டுபிடித்து, எடுத்துச் சொல்லி, உளவியல் சிகிச்சை கொடுத்தால் பலருக்கு நன்றாகவே குறையும். சிகிச்சைக்கு முதல் தடை அந்த ஒற்றை வார்த்தைதான். "நடிக்கிறா" என்று முத்திரை விழுந்த வீட்டில் யாரும் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவதில்லை.

நடிப்பு என்றால் உண்மையில் என்னவென்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் பெரியம்மா மகள். அவங்க டாக்டர் இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் 'நடிப்பின் அடிப்படைகள்' என்ற பாடம் படிச்சவங்க.

அக்கா இங்கே கணக்கு டீச்சர். அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பை ஒரே பார்வையில் அடக்கியவங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ஹெச்4 விசாவில் போனாங்க. அந்த விசாவில் பெரும்பாலானவங்களுக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. படிக்கலாம். பத்து வருஷம் வீடு, பிள்ளை, சமையல். பிள்ளையோட ஸ்கூல் மீட்டிங்கில் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வருவாங்களாம். "இங்கிலீஷ் தெரியாம இல்லடா தம்பி. நான் பேசி என்ன ஆகப் போகுதுன்னு ஒரு நெனப்பு வந்துருச்சு" என்றார் ஒருநாள்.

41 வயதில், தமிழ் ஆளே இல்லாத ஒரு வகுப்பில், நடிப்பு. அத்தான் சிரித்தார். பெரியம்மா போனில், "இந்த வயசுல கூத்தாடப் போறாளாடா இவ?" என்று என்னிடம் ஒரு பாட்டம் அழுதார்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன? அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடக்கும் இரண்டு ஆண்டுக் கல்லூரிகள். 1901-இல் இல்லினாயில் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய வழக்கம். இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 இருக்கு. நுழைவுத் தேர்வு கிடையாது. 18 வயதாகியிருந்தால் போதும், பாட்டி தாத்தாவும் சேரலாம். அந்த மாநிலத்தில் குடியிருப்பவர் என்று கணக்கில் வருபவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். அக்கா எடுத்தது மூணு யூனிட் பாடம். 138 டாலர்.

டாம் ஹாங்ஸ் படித்தது இப்படி ஒரு கல்லூரியில்தான், ஹேவர்டில் இருக்கும் ஷபோ காலேஜ். ராபின் வில்லியம்ஸ் காலேஜ் ஆஃப் மரினில் நாடகம் படித்துவிட்டுத்தான் நியூயார்க்கின் ஜூலியர்டுக்குப் போனார். ஆனால் இந்த த்ரெட் ஸ்டார் ஆவதைப் பற்றியது இல்லை. அக்கா வகுப்பில் இருந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர். ஒரு நர்ஸ். மிச்சம் எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகள்.

ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ராத்திரி, அவங்களுக்குக் காலை. போன் வரும். அந்த வாரம் என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னு அக்கா எனக்குப் பாடம் எடுப்பாங்க.

முதல் சில வாரம் வசனமே கிடையாது. தரையில் படுக்கணும். மூச்சு கவனிக்கணும். தாடை, தோள், கழுத்து எங்கெல்லாம் இறுக்கமாக இருக்குன்னு தேடித் தேடித் தளர்த்தணும். "பத்து வருஷமா என் தோள் காதுகிட்ட இருந்துருக்குடா, இப்பதான் கீழ எறங்குது" என்றார்.

அப்புறம் கண்ணாடிப் பயிற்சி. ரெண்டு பேர் எதிரெதிரே நிற்கணும். ஒருவர் கையை அசைத்தால் மற்றவர் கண்ணாடி பிம்பம் போல அதே நொடியில் அசைக்கணும். கொஞ்ச நேரத்தில் யார் முதலில் அசைத்தது என்றே தெரியாமல் போகணும். இந்த மாதிரி விளையாட்டுகளைத் தொகுத்தவர் சிகாகோவின் வயோலா ஸ்போலின். 1930-களில், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது உருவாக்கியவை. மொழி தெரியாதவர்களும் சேர்ந்து விளையாட வேண்டும் என்பது நோக்கம். அக்காவுக்கு ஏன் அது பிடித்தது என்று உங்களுக்கே புரியும்.

அடுத்தது சான்ஃபோர்ட் மெய்ஸ்னர் என்ற ஆசிரியர் உருவாக்கிய பயிற்சி. எதிரில் இருப்பவரைப் பார்த்து கண்ணில் பட்டதைச் சொல்லணும். "நீ நீலச் சட்டை போட்டிருக்க." அவர் அதையே திருப்பிச் சொல்லணும். "நான் நீலச் சட்டை போட்டிருக்கேன்." இப்படியே போகணும். சொல் மாறாது, குரல் மாறும், முகம் மாறும். புதுசா ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் வாக்கியத்தை மாற்றலாம்.

அக்காவுக்கு ஜோடி ஒரு 19 வயசுப் பையன். நாலு நிமிஷம் சட்டை, தலைமுடி என்று போச்சு. திடீர்னு அக்கா வாயில் வந்தது: "நீ ரொம்பக் களைச்சிருக்க." அவன் திருப்பிச் சொல்ல வாயெடுத்தான். கண் கலங்கிருச்சு. ராத்திரி முழுக்க கோடவுனில் வேலை பார்த்துவிட்டு, தூங்காமல் வகுப்புக்கு வந்தவன்.

"நடிப்பு கத்துக்கப் போனேன் தம்பி. அங்க ஒருத்தர் மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னுதான் கத்துக் குடுக்கறாங்க."

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒரு தகவல். 1984-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. நோயாளி தன் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பித்தால், சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே பேசிவிடுகிறார் என்றது. நம் ஊர் ஓபி வரிசையை நினைச்சுப் பாருங்க.

ஒரு திங்கள்கிழமை ஓபியில் அக்கா சொன்னதைச் செய்து பார்த்தேன். பேனாவைக் கீழே வைத்தேன். சீட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தேன். சொல்லி முடிக்கும்வரை விட்டேன். பெரும்பாலானவர்கள் ஒன்றரை நிமிஷத்தில் தானாகவே முடித்துவிடுகிறார்கள்! வரிசை ஒன்றும் நின்றுவிடவில்லை.

வகுப்பின் அடுத்த கட்டம் ரஷ்யாவின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி சொல்லிக் கொடுத்தது. ஒரு காட்சியில் நுழையும் பாத்திரத்துக்கு ஒரு தேவை இருக்கும். இவருக்கு இப்போ என்ன வேணும்? அதுக்கு என்ன தடை? அதைத் தாண்ட என்ன செய்யறார்? வசனம் ஒன்றாக இருக்கும், தேவை வேறாக இருக்கும்.

முழங்கால் வலி என்று ஒரு பெரியவர் மாதத்துக்கு மூணு தடவை வருவார். எக்ஸ்ரேயில் வயசுக்கு ஏற்ற தேய்மானம்தான். மாத்திரை வாங்குவார், போவார், திரும்ப வருவார். ஒருநாள் மனசுக்குள் அக்காவின் கேள்வியைக் கேட்டுக்கொண்டேன். வெளியே, "ஐயா, இந்த வலியைப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "எங்க அண்ணனுக்கும் கால் வலின்னுதான் ஆரம்பிச்சுது தம்பி. எலும்புல புத்துநோய்னாங்க. ஆறு மாசம்."

அவர் மாத்திரைக்கு வரவில்லை. "உனக்கு அது இல்லை" என்று ஒருத்தர் சொல்லணும், அதற்குத்தான் வந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அப்புறம் மூணு மாசம் கழித்துத்தான் வந்தார், பிரஷர் மாத்திரைக்கு.

மருத்துவமும் நடிப்பும் எங்கே சந்திக்கும் என்று தோணுதா? ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் மாஸ்கோ கலை அரங்கம் 1898-இல் பேர் வாங்கியது 'கடற்பறவை' நாடகத்தால். எழுதிய செகாவ் ஒரு டாக்டர். 1963-இல், அதே கலிஃபோர்னியாவில், ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளி போல நடிக்க ஒரு பெண்ணைப் பழக்கி, மருத்துவ மாணவர்களைச் சோதிக்க வைத்தார். இன்று உலகம் முழுக்க நடிகர்களை வைத்து மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். இந்தியாவிலும் 2019-இல் சேர்ந்த எம்பிபிஎஸ் மாணவர்களிலிருந்து, நோயாளியிடம் பேசும் முறை தனிப் பாடமாக வந்திருக்கு. நான் படிச்சப்ப அது கிடையாது.

இப்போ முதலில் சொன்ன வார்த்தைக்கு வருவோம்.

ஒரு வாரம் அக்காவுக்குக் கொடுத்த பயிற்சி, கை நடுக்கம் உள்ள ஒருவராக ஐந்து நிமிஷம் மேடையில் இருக்கணும். "அஞ்சு நிமிஷம்டா. முழுக்க முழுக்க எனக்குத் தெரிஞ்சேதான் செய்யறேன். எப்ப ஆரம்பிக்கணும், எப்ப நிறுத்தணும், யார் பாக்கறாங்க, எல்லாம் மண்டைக்குள்ள ஓடுது. முடிச்சப்ப தோள்பட்டை விட்டுப்போச்சு."

நடிப்பு அதுதான். தெரிந்து செய்வது, எந்த நொடியும் நிறுத்த முடிவது. கேசுவாலிட்டி கட்டிலில் இழுத்துக்கொண்டு கிடக்கும் பெண்ணிடம் இந்த ரெண்டும் இல்லை. அவர் செய்வது நடிப்பு என்றால், நடிகர்களையும் நாம அவமானப்படுத்துறோம், நோயாளியையும் அவமானப்படுத்துறோம்.

செமஸ்டர் கடைசியில் ரெண்டு பேர் காட்சி ஒன்றில் அக்கா நடித்தார். என்ன மார்க் என்று நான் கேட்கவில்லை. அதற்கு அடுத்த மாசம் பிள்ளையோட ஸ்கூல் மீட்டிங்கில் எழுந்து நின்று, கணக்குப் பாடம் நடத்தும் முறை பற்றி மூணு கேள்வி கேட்டாராம். இப்போ அங்கேயே வாரம் ஒருநாள் தன்னார்வமாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார். பெரியம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டு இருக்கார்.

நீங்க செய்ய வேண்டியது:

யாருக்காவது இழுப்பு வந்தால், அது எந்த வகை என்று நீங்க முடிவு செய்யாதீங்க. சிலருக்கு ரெண்டு வகையும் சேர்ந்தே இருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைங்க. வாயில் எதையும் திணிக்காதீங்க. கையில் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால், அல்லது முதல் முறை வந்தது என்றால், 108-ஐக் கூப்பிடுங்க. முடிந்தால் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் மட்டும் காட்டுங்க. எங்களுக்கு அது பெரிய உதவி.

ரிசல்ட் நார்மல் என்று வந்தால், "உனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லாதீங்க. "உயிருக்கு ஆபத்தில்லை, சரி பண்ணிடலாம்" என்று சொல்லுங்க.

இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது போனை ஓரமா வைத்துவிட்டு, எதிரில் இருப்பவர் முகத்தை ரெண்டு நிமிஷம் பாருங்க. கண்ணில் பட்டதை ஒரு வரியில் சொல்லுங்க. என்ன பதில் வருதுன்னு கேளுங்க. திருத்தாதீங்க, அறிவுரை வேண்டாம்.

அமெரிக்காவில் அக்கா மாதிரி யாராவது உங்க வீட்டில் இருந்தால் இதை அனுப்புங்க. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் மாலை நேர வகுப்புப் பட்டியல் பார்க்கச் சொல்லுங்க. ஒரு விஷயம்: மாநிலவாசி கணக்கில் வராதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. சுற்றுலா விசாவில் போகும் அப்பா அம்மா இந்த மாதிரி கிரெடிட் வகுப்பில் சேர முடியாது. விசா விவரத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

உங்க வீட்டில் யாரையாவது "நடிக்கிறார்" என்று சொல்லி, பிறகு நோய் என்று தெரிய வந்திருந்தால், பெயர் போடாமல் கீழே எழுதுங்க. டூட்டி முடிந்து வந்து ஒவ்வொன்றுக்கும் பதில் போடுறேன்.