திறப்பு யார் கையில்?

அஸர் தொழுதுவிட்டு மத்ரஸாவின் திண்ணையில் வந்து உட்கார்ந்த வேளையில் தொலைபேசி அடித்தது. சார்ஜாவிலிருந்து ராத்தா பேசினா. 2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். அங்கே தொழில் செய்யும் மூத்த மகனைப் பார்ப்பதற்காக மச்சானும் ராத்தாவும் இளைய மகனையும் கூட்டிக்கொண்டு விசிட் விசாவில் போயிருந்தார்கள்.

“தம்பி, ஒரு மஸ்அலா கேட்கணும். வாடகைக்குக் கார் எடுக்கப் போனோம். இவனுக்கு வயது காணாதெண்டு தரமாட்டேன் எண்டுட்டாங்க. மூத்தவன்ட கூட்டாளி ஒருத்தர் தன்ட பேரில எடுத்துத் தாறாராம், இவன் ஓட்டலாமாம். அது குற்றமாடா?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. “மஃரிபுக்குப் பிறகு எடுக்கிறேன் ராத்தா” என்று சொல்லி வைத்துவிட்டேன். இருபத்தைந்து வருடங்களாகத் தையல் மெசினை மிதித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவ என் ராத்தா. வாழ்க்கையில் முதன்முறையாக விமானம் ஏறியிருக்கிறா. புஜைராவுக்குப் போய், கடற்கரையோரம் இருக்கும் பழைமையான பித்யா பள்ளிவாசலைப் பார்க்க வேண்டும் என்பது அவவுடைய ஆசை. ‘பரவாயில்லை, போங்க’ என்று சொல்ல என் நாக்கு துடித்தது. ஆனாலும் சொல்ல முடியவில்லை.

நடந்தது இதுதான். என் மருமகனுக்கு அப்போது வயது இருபது. எட்டு மாதத்துக்கு முன்தான் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தான். போவதற்கு முன் கொழும்புக்குப் போய், ஒட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச சாரதிப் பத்திரமும் எடுத்துக்கொண்டான். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அந்தப் பத்திரம் ஒரு வருடத்துக்குச் செல்லும். ஆனால் அது தனியானதொரு லைசன்ஸ் அல்ல. நம் நாட்டு அனுமதிப்பத்திரத்தைப் பிற நாட்டார் வாசித்து விளங்கிக்கொள்வதற்கான மொழிபெயர்ப்பைப் போன்றது. மூலப் பத்திரம் கையில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. இந்த விபரமே நம்மில் பலருக்குத் தெரியாது.

இன்னொன்றும் தெரியாது. அரசாங்கத்தின் சட்டம் வேறு, வாடகைக் கம்பனியின் நிபந்தனை வேறு. இலங்கையில் பதினெட்டு வயதில் கார் ஓட்டலாம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2025 மார்ச் 29 முதல் நடைமுறைக்கு வந்த புதிய போக்குவரத்துச் சட்டம் அந்த வயதைப் பதினேழாகக் குறைத்தது. மருமகனும் இதைத்தான் வாடகைக் கடையில் வாதாடியிருக்கிறான். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்துக்கொண்டே, “சட்டம் உங்களுக்கு ஓட்ட அனுமதி தருகிறது. எங்கள் காரை உங்களுக்குத் தரும்படி அது எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை” என்றாராம். அந்தக் கடையின் நிபந்தனை, வயது இருபத்தொன்று பூர்த்தியாக வேண்டும், லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம் கடந்திருக்க வேண்டும் என்பதாகும். முற்பணத்துக்கு ஓட்டுபவரின் சொந்தப் பெயரிலேயே கிரெடிட் கார்ட்டும் கேட்டிருக்கிறார்கள். இருபது வயதுப் பொடியனுக்கு அது எங்கே இருக்கும்?

இது அரபு நாட்டில் மட்டும் உள்ள வழக்கமல்ல. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் வாடகைக் கம்பனிகள் பல, இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களிடம் நாளாந்தம் மேலதிகக் கட்டணம் அறவிடுகின்றன. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், பதினெட்டு வயதானவருக்கு வயதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அங்கும் கூடுதல் பணம் கேட்கத் தடையில்லை. இளம் வயதில் விபத்துக்கள் அதிகம் என்பதைக் காப்புறுதிக் கம்பனிகள் கணக்குப் பார்த்து அறிந்திருக்கின்றன. அதனால்தான் இந்த நிபந்தனை. நம் பிள்ளையின் மீது அவர்களுக்கு எந்தக் கோபமும் இல்லை.

மஃரிபுக்குப் பிறகு அழைத்தேன். மருமகனே எடுத்தான். அவன் சிறு வயதில் என்னிடமே கிதாபு ஓதியவன். “மாமா, நீங்கதானே படிச்சுத் தந்தீங்க. வாடகைக்கு எடுத்தவர் தன்னைப் போன்ற இன்னொருவரை அதில் ஏற்றலாமெண்டு?” என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. நமது ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளில் வாடகை பற்றிய பாடத்தில் அப்படி இருப்பது உண்மைதான். வாடகைக்கு எடுத்த ஒட்டகத்தில், எடுத்தவருக்குப் பதிலாக அவரைப் போன்ற வேறொருவர் சவாரி செய்யலாம். வாடகை வீட்டில் அவரைப் போன்ற வேறொருவர் குடியிருக்கலாம். ஆனால் அந்தப் பாடம் அத்துடன் முடியவில்லை. வீட்டுக்குக் கூடுதல் சேதம் தரும் தொழிலான கொல்லுவேலை செய்பவரை அங்கே குடிவைக்கக் கூடாது என்றும் இமாம்கள் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

“மகன், ‘போன்ற’ என்ற சொல்லைக் கவனி” என்றேன். “அந்தக் கூட்டாளிக்கு வயது முப்பத்திரண்டு. அந்த நாட்டு லைசன்ஸ் வைத்திருக்கிறார். ஏழு வருடமாக அந்தத் தெருக்களில் ஓட்டுகிறார். நீ எட்டு மாதக்காரன். இங்கே இடப்பக்கம் ஓட்டிப் பழகிய உனக்கு அங்கே எல்லாம் வலப்பக்கம். நீ எப்படி அவரைப் போன்றவன் ஆவாய்? அதிலும், வேறு யாரும் ஓட்டக் கூடாதென்று எழுதிக் கையொப்பம் வாங்குகிறார்கள். உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படிதானே ஸூரத்துல் மாயிதாவின் முதல் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது?”

அவன் பேசவில்லை. நான் தொடர்ந்தேன். வாடகைக்கு எடுத்த பொருள் எடுத்தவரின் கையில் அமானிதம். அவர் வரம்பு மீறாதவரை, தன்னாலே வரும் சேதத்துக்கு அவர் பொறுப்பாளி அல்ல. வரம்பு மீறிய கணத்திலிருந்து எல்லாச் சேதமும் அவர் தலையில்தான். இன்றைய காப்புறுதிப் பத்திரமும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. அனுமதியில்லாதவர் ஓட்டினால் பாதுகாப்பு போய்விடும். கமராவில் விழும் தண்டப்பணம் எடுத்தவரின் பெயருக்குத்தான் போகும். உயிர்ச்சேதம் நேர்ந்துவிட்டாலோ, வழக்கு, தியத் என்று வரும். நல்லெண்ணத்தில் பெயரைக் கொடுத்த ஒரு பிள்ளை, தன் தொழிலையும் விசாவையும் இழந்து நிற்பான். அவனுக்கும் ஊரில் ஓர் உம்மா இருக்கிறா அல்லவா?

இவ்வளவையும் நான் கிதாபிலிருந்து சொன்னதாக மருமகன் நினைத்திருப்பான். அவனுக்குச் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்குப் பதினேழு வயது. அரபுக் கல்லூரியிலிருந்து விடுமுறையில் வந்திருந்தேன். சாச்சாவின் ஹொண்டா மோட்டார் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு, லைசன்ஸும் இல்லாமல், காரைதீவிலிருந்து வயல் நடுவே எங்கள் ஊருக்கு வரும் பாதையில் ஓட்டி வந்தேன். கீரைக்கட்டுச் சுமந்து வந்த ஒரு வயதான தாயை இடித்துவிட்டேன். அவ கீழே விழுந்தா, கை மணிக்கட்டு முறிந்தது. கீரையெல்லாம் தெருவில் சிதறிக் கிடந்தது. ஓடிப் போய்த் தூக்கினேன். அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்து, “அழாத மனே, வாப்பாட்டச் சொல்லமாட்டன்” என்றா. சொன்னபடியே சொல்லவுமில்லை. கால் தடுக்கி விழுந்ததாகத்தான் கடைசிவரை எல்லோரிடமும் சொன்னா. அந்தக் கை பழையபடி நேராகவில்லை. வளைந்த கையோடு அவ கீரை விற்றுத் திரிந்ததை நான் பல வருடங்கள் பார்த்தேன். சம்பளம் எடுக்கத் தொடங்கியபின் மாதாமாதம் சிறு தொகை கொடுத்து வந்தேன். அவ மௌத்தான பிறகும் என் மனம் ஆறவில்லை. அந்தத் தாய் என்னை மன்னித்தா. எல்லோருக்கும் அப்படியொரு தாய் எதிரே வருவாள் என்று நம்பிப் பிள்ளையின் கையில் வாகனத்தைக் கொடுக்க முடியுமா?

அதே பாதையில், 2024 நவம்பர் 26ஆம் நாள் வெள்ளம் குறுக்கறுத்து ஓடியபோது, உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸாப் பிள்ளைகள் நீரில் அள்ளுண்டு போனார்கள். அது வெள்ளத்தால் வந்த துயரம், இந்தக் கதையோடு சேராது. ஆனாலும் அந்த ஜனாஸாக்களைக் கண்ட பிறகு, எங்கள் ஊரில் எந்தப் பிள்ளை வாகனத்தில் ஏறினாலும் நெஞ்சு ஒருமுறை திடுக்கிட்டுத்தான் அடங்குகிறது.

சார்ஜாவில் கடைசியில் என்ன நடந்தது? அந்தக் கூட்டாளி தன் பெயரில் காரை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஓட்டிப் போனார். வாடகையையும் பெற்றோலையும் மச்சான் கொடுத்தார். ராத்தா பித்யாப் பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுதா. மருமகன் முன் சீற்றில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனானாம். ஆனால் ஊருக்கு வந்த பிறகு என்னிடம் தனியாகச் சொன்னான்: “மாமா, முதல் சுற்றுவட்டத்தில நான் பார்த்த பக்கத்தால வாகனம் வரல்ல. மற்றப் பக்கத்தால வந்தது.”

தூரத்துக்குப் போவானேன்? நமது பொத்துவில் அறுகம்குடாவில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஸ்கூட்டரும் முச்சக்கர வண்டியும் வாடகைக்கு எடுக்கிறார்கள். இலங்கையில் ஓட்டுவதற்கு அவர்களுக்கும் முறையான பத்திரம் வேண்டும். 2025 ஆகஸ்டில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்கவும் வசதி செய்யப்பட்டது. வண்டி கொடுக்கும் நம் சகோதரர்களில் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர்களும் உண்டு, கேட்காமல் கொடுப்பவர்களும் உண்டு. சார்ஜாக் கடைக்காரர் நம் பிள்ளைக்கு மறுத்தபோது நமக்குக் கசந்தது. நாமும் அப்படி மறுத்தால், எங்கோ தூர தேசத்தில் இருக்கும் ஒரு தாய் நிம்மதியாக உறங்குவா.

சகோதரிகளே, வெளிநாடு போகும் பிள்ளைக்கு உடுப்பும் பலகாரமும் கட்டிக் கொடுக்கும்போது இவற்றையும் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் எடுத்து எத்தனை மாதம்? அந்த நாட்டில், அந்தக் கடையில் எத்தனை வயது கேட்கிறார்கள்? ஒப்பந்தத்தில் யாருடைய பெயர் இருக்கிறது? விசிட் விசாவில் செல்லுபடியாகும் சர்வதேசப் பத்திரம், அமீரகத்தில் வதிவிட விசா கிடைத்ததும் போதாது, அந்த நாட்டு லைசன்ஸே எடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். சவூதியில் 2018 ஜூன் 24 முதல் பெண்களும் வாகனம் ஓட்டுகிறார்கள். ஆகவே நாளை இந்தக் கேள்விகள் உங்கள் பெண்மக்களுக்கும் உரியவை.

ராத்தா ஊர் திரும்பியதும் பார்க்கப் போயிருந்தேன். தேத்தண்ணீர் தந்துவிட்டு, “நீ சொன்னபடி கேட்டது நல்லதாப் போச்சு தம்பி” என்றா. அவவின் கடைசி மகனைக் காணவில்லை. வயது பதினாறு.

“அவன் எங்க ராத்தா?”

“டியூசனுக்கு.”

“எதில போனான்?”

ராத்தா பதில் சொல்லவில்லை. சுவரில் மோட்டார் சைக்கிளின் திறப்பு தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்தத் திறப்பு ராத்தாவின் அலுமாரிக்குள், அவவுடைய நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பையன் சைக்கிளில் போகிறான். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அல்ஹம்துலில்லாஹ், திருப்பட்டும்.