ஓட்டுச் சரிவா, மொட்டைமாடியா?

முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் பலரும் கைவினைப் பொருள்களைப் பார்க்கப் போவார்கள். நான் கூரைகளைப் பார்க்கப் போனேன். செங்கல்பட்டுப் பக்கம் என் தங்கை வீடு கட்டப்போகிறாள். மேலே கான்கிரீட் தளமா, ஓட்டுச் சரிவா என்ற பேச்சு வீட்டில் முடிந்தபாடில்லை. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி எழுப்பிவைத்திருக்கும் இந்த இடம் 1996 முதல் திறந்திருக்கிறது. வேலையை எடுத்திருக்கும் கொத்தனாரும் கூட வந்தார்.

முதலில் கேரள வீடுகள். இறவாரம் தாழ்ந்து இறங்குகிறது, சரிவு செங்குத்தாக நிற்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊருக்கு அதுதான் பொருத்தம். சுவரில் சாரல்கூடப் படாமல் தண்ணீர் தள்ளிப்போய் விழும். கொத்தனார் மேலே பலகை மச்சைக் காட்டினார். ஓட்டுச் சூடு மச்சுக்கு மேலேயே தங்கி, முகட்டோரத் திறப்பு வழியாக வெளியேறிவிடுகிறது. குளிர்ச்சிக்குக் காரணம் ஓடு மட்டும் என்று அதுவரை நினைத்திருந்த எனக்கு, ஓடும் மச்சும் இடையிலுள்ள காற்றும் சேர்ந்த ஏற்பாடு அது என்று விளங்கியது.

கர்நாடகப் பகுதியில் இல்கல் நெசவாளர் வீடு. கல் சுவர், தட்டையான மேல்தளம். அந்த வறண்ட சீமையில் கேரள மழையில் நான்கில் ஒரு பங்குகூடப் பெய்யாது. தண்ணீரை விரட்ட வேண்டிய அவசரம் இல்லை. தானியம் காயவைக்க, இரவில் படுக்க மாடி வேண்டும்.

நம்முடைய ஊர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சென்னைப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் புயலோடு வருகிறது. மற்ற மாதங்களில் வெயில். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் நின்றபோது பழைய ஆட்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதைக் கொத்தனார் விளக்கினார். முற்றத்தைச் சுற்றி ஓட்டுச் சரிவு. அறைகளுக்கு மேல் பல வீடுகளில் மெட்ராஸ் டெரஸ்: மரக்கட்டைகளை வரிசையாக வைத்து, செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பார்கள்.

"ஒரே வீட்ல ரெண்டையும் வச்சாங்க தம்பி. நாமதான் ஒண்ணு போதும்னு சண்டை போடறோம்" என்றார்.

அவருக்கு ஊர் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தது அங்கேதான். "ஓட்டு வீடு, கூரை வீடு எதுவும் மிஞ்சல. தளம் போட்ட வீட்டுக்குத்தான் எல்லாரும் ஓடினோம்" என்றார். சற்று நிறுத்தி, "ஆனா மே மாசம் ராத்திரி அந்தத் தளத்துக்குக் கீழ படுத்துப் பாருங்க" என்றார்.

இரண்டும் உண்மை. கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவைத்து, இருட்டிய பிறகு நெடுநேரம் கீழே விடுகிறது. ஓடு மெல்லியது, உச்சிவெயிலில் சுட்டாலும் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். அதே சமயம் ஓடு பராமரிப்பு கேட்கும்: மழைக்கு முன் உடைந்ததை மாற்ற வேண்டும், ரீப்பரில் கரையான் பார்க்க வேண்டும். சரிவு 30 டிகிரிக்கும் குறைந்தால் காற்றோடு வரும் மழை ஓட்டிடுக்கில் ஏறிவிடும்.

இப்போது பரவியிருக்கும் மூன்றாவது வகை எனக்குப் பிடிக்கவில்லை: கான்கிரீட்டையே சாய்த்துப் போட்டு, அழகுக்காக மேலே ஓடு ஒட்டுவது. தண்ணீர் வழியும், சரி. ஆனால் ஓட்டின் காற்றோட்டம் இல்லை. துணி காயவைக்க மாடியும் இல்லை.

இந்த வளாகத்தின் தொடக்க வடிவமைப்பைத் தந்த லாரி பேக்கர் பரவலாக்கிய முறை ஒன்று உண்டு. தளத்தின் அடிப்பாகத்தில் கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட் பெரிதாகப் பாரம் தாங்குவதில்லை. அங்கே பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தால் சிமென்ட் மிச்சம், கனம் குறைவு, ஓட்டுக்குள் அடைபட்ட காற்று சூட்டையும் கொஞ்சம் தடுக்கும்.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான்: அறைகளுக்கு மேல் அப்படி ஓடு வைத்த தட்டைத் தளம், அதன்மேல் தட்டோடு, முன்திண்ணைக்கு மட்டும் மரச்சட்டத்தில் ஓட்டுச் சரிவு. பின்னாளில் மாடி எடுக்கவும் வழியிருக்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் 1,000 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 90,000 லிட்டருக்கு மேல். அதைத் தொட்டியில் பிடிக்கலாம். அவள் மனை குமரி மேற்கிலோ நீலகிரியிலோ இருந்திருந்தால் முழுக்கச் சரிவுதான் சொல்லியிருப்பேன்.

தட்டைத் தளம் போடுகிறவர்கள் வாட்டத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது இறக்கம் வேண்டும். தட்டோடு பதித்து முடிந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கும் தேங்காமல் குழாய்வாய்க்குப் போய்ச் சேர்ந்த பிறகு கடைசிக் கூலியைக் கொடுங்கள்.