ஓட்ஸ் என்றால் கஞ்சி மட்டும்தானா? அப்பாவுக்காகச் செய்த அடை, பொங்கல், கருப்பட்டி பிஸ்கட்!

நம் ஊர் வீடுகளுக்குள் ஓட்ஸ் பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின் பின்னால்தான் வரும். 'அரிசியைக் குறைங்க, ஓட்ஸ் சாப்பிடுங்க' என்று டாக்டர் சொல்வார். அன்று மாலையே ஒரு பாக்கெட் வாங்கியாகிவிடும். மறுநாள் காலை எல்லோருக்கும் இட்லி, சட்னி. ஒருவருக்கு மட்டும் பாலில் வெந்த வழவழ கஞ்சி. பத்து நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பாக்கெட் ரப்பர் பேண்ட் சுற்றப்பட்டு அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும்.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அந்த ஒருவர், என் அப்பா.

அப்பாவுக்கு 57 வயது. கோவில்பட்டி பக்கம் முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். போன வருடம் எடுத்த டெஸ்ட்டில் கெட்ட கொழுப்பு அதிகம், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று வந்தது. மாத்திரை, நடைப்பயிற்சி, சாப்பாட்டில் மாற்றம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மாத்திரையை அப்பா ஒழுங்காகப் போட்டார். நடந்தார். கஞ்சியைத்தான் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதற்கு அவர் சொன்ன காரணம் ருசி இல்லை. "கடையில ஓட்ஸ் கேக்குறவங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தெரியும் பாப்பா. ஒண்ணு ஆஸ்பத்திரியில இருந்து வந்திருப்பாங்க, இல்ல போகப் போறவங்களா இருப்பாங்க" என்றார். அவர் கடையில் ஓட்ஸ் இருக்கும் இடமும் குளுக்கோஸ் பவுடருக்குப் பக்கத்தில்தான். தன் கடையிலிருந்து தானே ஒரு பாக்கெட் எடுத்து வரும்போது அதை நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார் என்று அம்மா சொன்னபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

தினமும் காலை ஒன்பது மணிக்குக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவது அப்பாவின் பழக்கம். அது மெதுவாக நின்றது. கேட்டால், கடையில் கூட்டம் என்பார். பக்கத்து டீக்கடையில் இரண்டு வடை, ஒரு டீயோடு காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார் என்று கடைப் பையன் மூலம் தெரிந்தது. கொழுப்பைக் குறைக்க வந்த கஞ்சி, மனிதரை எண்ணெய்ச் சட்டி பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது!

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். இரண்டு மாதம் ஊரிலிருந்தே வேலை செய்யும் வாய்ப்பு கிடைத்ததும் அம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அப்பாவுக்கென்று தனியாக எதையும் சமைக்கக் கூடாது. என்ன செய்தாலும் நான், தம்பி, அம்மா, அப்பா நாலு பேருக்கும் ஒரே பாத்திரம். "ஓட்ஸ நாங்களும் திங்கணுமா?" என்று அலறியது தம்பிதான்.

அந்த வழவழப்புதான் மருந்து

சமைப்பதற்கு முன் கொஞ்சம் படித்தேன். ஓட்ஸில் 'பீட்டா குளுக்கன்' என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. தண்ணீர் பட்டதும் கூழ் போல ஆவது இதுதான். குடலில் இந்தக் கூழ், பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டு போய்விடும். குறைந்துபோன பித்த அமிலத்தைத் திரும்பத் தயாரிக்க, கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறைவது இப்படித்தான். ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் என்ற அளவை அடிப்படையாக வைத்து, ஓட்ஸ் பாக்கெட்டில் இதயநலன் பற்றிய வாசகத்தை அச்சிட அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1997-ல் அனுமதி கொடுத்தது. அந்த 3 கிராம் கிடைக்க, ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் வேண்டும்.

ஆக, நாம் வெறுக்கும் வழவழப்பும் டாக்டர் விரும்பும் சத்தும் ஒன்றுதான். அதை நீக்க முடியாது. ஆனால், நாக்கில் தெரியாமல் செய்யலாம். அதற்கு இரண்டு வழி: ஒன்று, எண்ணெய் விடாமல் வாசனை வரும்வரை வறுத்துவிட்டுச் சமைப்பது. இன்னொன்று, வழவழப்பு ஏற்கெனவே பழகிய பதார்த்தத்தில் சேர்ப்பது. குழைந்த பொங்கலையும் அடை மாவையும் நாம் என்றைக்காவது குறை சொல்லியிருக்கிறோமா?

ஓட்ஸில் உப்பு, காரமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். ஓட்ஸுக்குப் பேர்போன ஸ்காட்லாந்தில், பழைய முறைக் கஞ்சி என்பது தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுச் செய்வதுதான். சர்க்கரை, பால், வாழைப்பழம் எல்லாம் பிறகு வந்த சேர்மானங்கள்.

பொங்கல், அடை, பணியாரம்

முதலில் செய்தது பொங்கல். அரை கப் பாசிப்பருப்பை மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டரை கப் தண்ணீர், உப்பு சேர்த்துக் கொதித்ததும், வறுத்த ஓட்ஸ் ஒரு கப் போடுங்கள். சிறு தீயில் ஐந்து நிமிடம் போதும். கடையில் கிடைக்கும் அவல் மாதிரியான ஓட்ஸ், ஏற்கெனவே ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கப்பட்டது. அதனால் குக்கரும் விசிலும் தேவையில்லை. ஒரு டீஸ்பூன் நெய், ஒரு டீஸ்பூன் எண்ணெயில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. ஆறினால் கெட்டியாகிவிடும் என்பதால் கொஞ்சம் தளர இறக்குங்கள். மிளகை இரண்டாக உடைத்துப் போட்டால் யாரும் பொறுக்கி ஓரமாக வைக்க மாட்டார்கள் என்பது அம்மாவின் உத்தி.

அடுத்து அடை. கடலைப்பருப்பு அரை கப், துவரம்பருப்பு அரை கப், உளுந்து இரண்டு டேபிள்ஸ்பூன், காய்ந்த மிளகாய் ஐந்து. இவற்றை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, சோம்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அரிசிக்குப் பதில், வறுத்து ரவை போலப் பொடித்த ஓட்ஸ் ஒரு கப் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். ஓட்ஸ் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மாவு இறுகியிருந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடலாம். நிறைய முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம் போட்டு வார்த்தால் ஓரம் நன்றாக முறுகும். தோசைக்கல் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். ஓட்ஸ் மாவு சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே வேக நேரமெடுக்கும்.

டீக்கடை வடைக்குப் போட்டியாக இறங்கியது குழிப்பணியாரம். மீந்துபோன புளித்த இட்லி மாவு இரண்டு கப்புக்கு அரை கப் ஓட்ஸ் பொடி. வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப் பல் வதக்கிச் சேர்த்து, குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சுட்டெடுத்தோம். மாலை நாலு மணிக்குத் தூக்குவாளியில் போட்டுக் கடைக்குக் கொடுத்துவிட்டோம். வாளி காலியாகத் திரும்பி வந்தது. அதில் பாதியைச் சாப்பிட்டது கடைப் பையன் என்பது மறுநாள்தான் தெரிந்தது!

இன்னும் சில சின்ன உபயோகங்களும் உண்டு. கட்லெட்டை பிரெட் தூளில் புரட்டுவதற்குப் பதில் ஓட்ஸில் புரட்டித் தோசைக்கல்லில் சுடலாம். குருமா நீர்த்துவிட்டால், ஒரு ஸ்பூன் ஓட்ஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்து விட்டால் கெட்டிப்படும். சப்பாத்தி மாவில் நாலில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் விரிசல் விடும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஓட்ஸில் இல்லாததால் மாவு இழுபடாது.

ஓவன் இல்லாமல் பிஸ்கட்

தம்பிக்காக பேக்கிங் பக்கமும் போனோம். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்தில் 'அன்சாக் பிஸ்கட்' என்று ஒன்று உண்டு. முதல் உலகப் போரில் போன அந்நாட்டுப் படையின் பெயரைத் தாங்கியது. ஓட்ஸ், மாவு, தேங்காய்த் துருவல், வெண்ணெய், சர்க்கரைப்பாகு. முட்டை கிடையாது. பட்டியலைப் பார்த்ததும், நம் பக்கத்துப் பலகாரம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. சர்க்கரைப்பாகின் இடத்தில் கருப்பட்டியை வைத்தோம்.

ஓட்ஸ் ஒரு கப், கோதுமை மாவு ஒரு கப், உலர்ந்த தேங்காய்த் துருவல் முக்கால் கப், கொஞ்சம் சுக்குத்தூள், ஒரு சிட்டிகை உப்பு கலந்துகொள்ளுங்கள். தட்டிய கருப்பட்டி முக்கால் கப்பை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, 100 கிராம் வெண்ணெய் போட்டு உருக்குங்கள். அடுப்பை அணைத்து அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்தால் பாகு நுரைத்து எழும். அதை உடனே மாவில் கொட்டிப் பிசறுங்கள். எலுமிச்சை அளவு உருட்டி, லேசாகத் தட்டி, இடைவெளி விட்டு அடுக்குங்கள்.

ஓவன் இருந்தால் 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. அடிகனமான பழைய பாத்திரத்தில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடாக்கினோம். பிறகு பிஸ்கட் தட்டை உள்ளே வைத்து, குறைந்த தீயில் 25 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கருப்பட்டியும் சர்க்கரைதான். ரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றும். ஓட்ஸ் இருக்கிறது என்பதற்காக வெண்ணெய் பிஸ்கட் பத்திய உணவாகிவிடாது. அப்பாவுக்கு எப்போதாவது ஒன்று. டப்பா தம்பியின் பொறுப்பில்!

"கம்பை விட இது உசத்தியா?"

ஒருநாள் அடையைச் சாப்பிட்டுக்கொண்டே அப்பா இப்படிக் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஊர் கரிசல் மண். கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த பூமி. தாத்தா காலத்தில் கம்மஞ்சோறுதான் அன்றாடச் சாப்பாடு. நெல்லுச்சோறு என்றால் பண்டிகை. கையில் கொஞ்சம் காசு வந்ததும் எல்லோரும் அரிசிக்கு மாறினார்கள். "கம்மங்கூழ் குடிக்கிறத வெளிய சொல்ல வெக்கப்பட்டோம். இப்ப ஓட்ஸுக்கு வெக்கப்படுறோம்" என்று சிரித்தார் அப்பா.

கணக்கைப் பார்த்தால், கலோரியில் அரிசிக்கும் ஓட்ஸுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுமே 100 கிராமுக்கு 350-ஐத் தாண்டும். வித்தியாசம் நார்ச்சத்தில் இருக்கிறது. ஓட்ஸில் சுமார் 10 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் கீழே. கம்பின் நார்ச்சத்து ஓட்ஸுக்குக் குறைந்ததல்ல. கால்சியத்தில் கேழ்வரகு பக்கத்தில் ஓட்ஸ் நிற்கவே முடியாது. ஓட்ஸின் தனிச்சிறப்பு அந்த பீட்டா குளுக்கனும், ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும் வசதியும்தான். எனவே வாரத்தில் மூன்று நாள் ஓட்ஸ், மற்ற நாளில் கம்பும் குதிரைவாலியும் என்று அம்மா பிரித்துக்கொண்டார்.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். உடைத்ததோ கனமான தட்டையோ நல்லது. இரண்டு நிமிடத்தில் தயாராகும் இன்ஸ்டன்ட் வகை சீக்கிரம் ஜீரணமாகி, சர்க்கரையை வேகமாக ஏற்றும். மசாலா சேர்த்த பாக்கெட்டுகளில் உப்பு எவ்வளவு என்று பின்பக்கம் படித்துப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு அளவை முடிவு செய்வது நல்லது.

மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்ட்டில் அப்பாவின் கொழுப்பு குறைந்திருந்தது. மாத்திரை, நடை, சாப்பாடு மூன்றில் எதற்கு எத்தனை மார்க் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த மாற்றம் வேறு. ஒன்பது மணிக்கு அப்பா வீட்டுக்கு வருகிறார். நாலு தட்டிலும் ஒரே சாப்பாடு. கடையில் ஓட்ஸ் பாக்கெட்டுகள் இப்போது ரவை, சேமியா வரிசையில் இருக்கின்றன. தயங்கித் தயங்கிக் கேட்பவர்களிடம், "கஞ்சி வேண்டாம்ணே, அடை வார்க்கச் சொல்லுங்க" என்று பருப்பு அளவோடு சொல்லி அனுப்புகிறாராம்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது டாக்டர் சாப்பாட்டை மாற்றச் சொல்லியிருந்தால், அடுப்பில் அவருக்கென்று தனிப் பாத்திரம் வைக்காதீர்கள். அவருக்கு நல்லது என்று நீங்கள் நினைப்பதை, முதலில் உங்கள் தட்டிலும் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.