இரைச்சல் புகாத செட்

தமிழ்நாட்டில் ‘அசெம்பிள் செட்’ என்று வழங்கும் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயருக்குத் தேவையான ஐ.சி., டிரான்ஸ்ஃபார்மர், கண்டன்சர் முதலிய பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் குறைந்த விலைக்குக் கிடைப்பதால், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து காலையில் பஸ் ஏறும் ஒருவர் மாலைக்குள் அனைத்தையும் வாங்கித் திரும்பிவிடலாம். ஆயினும் ஒரே வகைப் பாகங்களைக் கொண்டு இருவர் கட்டும் செட்டுகளில் ஒன்று தெளிவாகப் பாடுவதும், மற்றொன்று பாட்டு நின்ற பின்னும் உறுமிக்கொண்டிருப்பதும் உண்டு. மின்சாரம் எந்த வழியே சென்று எந்த வழியே திரும்புகிறது என்பதே அந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

தொடக்கநிலையினருக்கு ஏற்ற டி.டி.ஏ. 2030 என்னும் ஐ.சி., ஐந்தே கால்களுடன் 4 ஓம் ஸ்பீக்கரில் ஏறத்தாழ 14 வாட் தரவல்லது. வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பி அனுப்பி, பெருக்கத்தில் சிறிது இழந்து ஒலித்திரிபைக் குறைக்கும் ‘எதிர்ப் பின்னூட்டம்’ என்னும் முறையில் இது இயங்குகிறது. இம்முறையை 1927இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹெரால்ட் பிளாக் கண்டறிந்தார். பின்னூட்ட வழியில் 22 கிலோ ஓம், 680 ஓம் மின்தடைகளை இட்டால் பெருக்கம் ஏறக்குறைய 33 மடங்காக நிலைபெறும்.

இனி மின்வழங்கல். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால், பிரிட்ஜ் டையோடைக் கடந்ததும் அதில் 100 ஹெர்ட்ஸ் அலைவு தங்கிவிடுகிறது. அதை அடக்குவதற்கே பில்டர் கண்டன்சர் வைக்கப்படுகிறது. 4700 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இருந்தும், ஒரு ஆம்பியர் இழுக்கப்படும்போது சுமார் 2 வோல்ட் அலைவு எஞ்சும். இந்த ஐ.சி. நேர், எதிர் பக்கங்களில் 18 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரோ, லைன் வோல்டேஜ் ஏறும் நள்ளிரவில், பாட்டு இல்லாத நிலையில் அந்த எல்லையைத் தொட்டுவிடக்கூடும். ஆகவே 9-0-9 போடுபவர் சில வாட்டை இழந்தாலும் ஐ.சி.யைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

உறுமலுக்குப் பெரும்பாலும் காரணமாவது, எல்லா மின்னோட்டமும் திரும்பி வந்து சேரும் பொதுப்புள்ளியாகிய கிரவுண்ட் ஆகும். வெறும் 10 மில்லி ஓம் தடையுள்ள ஒயர்த் துண்டில் ஒரு ஆம்பியர் பாய்ந்தால் 10 மில்லிவோல்ட் உண்டாகும். உள்ளீட்டின் கிரவுண்டும் அதே துண்டில் இணைந்திருந்தால், அது 33 மடங்காகி ஸ்பீக்கரில் 0.33 வோல்ட் உறுமலாக வெளிப்படும். ஆதலால் ஸ்பீக்கர், உள்ளீடு, ஐ.சி. ஆகியவற்றின் கிரவுண்டுகள் தனித்தனி ஒயர்களாக வந்து, இரு பில்டர் கண்டன்சர்களும் கூடும் இடத்தை ஒட்டிய ஒரே புள்ளியில் சேர வேண்டும்.  

சால்ட்ரிங்கும் அதே கவனத்தைக் கேட்கிறது. ஈயம் காலைச் சுற்றிச் சரிவாகப் படர்ந்து பளபளக்க வேண்டும். உருண்டையாக மங்கி நின்றால் அது ‘டிரை சோல்டர்’ எனப்படும் பொய்யிணைப்பாகும். ஐ.சி.யின் உலோக முதுகு எதிர்மின் வழங்கலோடு இணைந்திருப்பதால், ஹீட் சிங்கில் பொருத்தும்போது இடையே மைக்கா தாளும், திருகுக்குக் காப்பு வளையமும் இட வேண்டும். முதல்முறை மின்சாரம் கொடுக்கையில் 60 வாட் குண்டு பல்பைத் தொடர் இணைப்பாக (சீரிஸில்) இணைப்பது நல்லது: பல்பு ஒருகணம் மின்னி மங்கினால் வேலை சரி; தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் உள்ளது. அதன்பின் வெளியீட்டில் டி.சி. மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டுக்குள் நிற்பதை மீட்டரில் உறுதிசெய்த பிறகே ஸ்பீக்கரை இணைக்க வேண்டும்.

கடையில் வாங்கும் புளூடூத் ஸ்பீக்கர் இதைவிட மலிவாகவும் கிடைக்கலாம். ஆனால் ஒரு செட்டைக் கட்டி, அதன் உறுமலைத் தேடிப் பிடித்து நீக்கியவர், மின்னோட்டத்தின் திரும்பும் வழியைப் பின்தொடரக் கற்றுக்கொள்கிறார். பழுதான எந்த மின்கருவியின் முன்னும் அவருக்கு அந்தப் பயிற்சி உதவும். அதற்காகவே பள்ளி மாணவரும் ஐ.டி.ஐ. மாணவரும் ஒரு செட்டையாவது தம் கையால் கட்டிப் பார்க்க வேண்டும்.