தரவரிசையில் இல்லாத வருடங்கள்

16.11.2024, சனி

பிரஜ்னேஷ் குணேஸ்வரன் ஓய்வை அறிவித்துவிட்டார். சென்னையில் பிறந்த இடக்கை டெனிஸ் ஆட்டக்காரர். 35 வயது.

எங்கள் குறிஞ்சாக்கேணியில் டெனிஸ் பந்து என்றால் அது மென்பந்து கிரிக்கெட்டுக்குத்தான். ஆனாலும் 2018இலிருந்து இவருடைய ஆட்ட முடிவுகளைத் தேடித் தேடிப் படித்து வந்தேன். இவர் ஆடாமல் இருந்த காலம்தான் என்னை இழுத்தது. இருபதுகளின் தொடக்கம், ஓர் ஆட்டக்காரன் ஏற வேண்டிய வயது. அப்போது முழங்கால் எலும்பில் நுண்ணிய வெடிப்பு. ஆடுவதும் நிறுத்துவதுமாக ஏறக்குறைய ஐந்து வருடங்கள் போயின.

டெனிஸில் ஒரு தரவரிசைப் புள்ளிக்கு ஆயுள் 52 வாரம். பிறகு உதிர்ந்துவிடும். ஆறு மாதமாவது காயத்தில் கிடந்தவருக்கு, பழைய இடத்தைக் காட்டிச் சில போட்டிகளில் நுழையச் சலுகை உண்டு. பழைய இடமே கீழே இருந்தவனுக்கு அதனால் என்ன கிடைக்கும்? பார்க்க ஆளில்லாத சின்னப் போட்டிகளில் அடியிலிருந்து தொடங்க வேண்டும். இவர் அப்படித்தான் தொடங்கினார்.

18.11.2024, திங்கள்

காக்காவின் மகன் அஸருக்குப் பிறகு வந்தான். உதைபந்தாட்டத்தில் முழங்கால் சவ்வு கிழிந்து பதினான்கு மாதம். சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் வாரங்களில் சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து அமுக்குவான். நான் பக்கத்திலிருந்து எண்ணுவேன். தொடை மெலிந்து, பார்க்கவே மனம் கேட்காது. இப்போது ஒற்றைக் காலில் குந்தி எழும்புகிறான்.

"கால் வந்துட்டு சாச்சா. பந்துக்குக் கால நீட்டத்தான் பயமாரிக்கு."

பிரஜ்னேஷைப் பற்றிச் சொன்னேன். 2018 தொடங்கும்போது 200க்கு வெளியே இருந்தவர், அந்த வருடம் பலெம்பாங்கில் ஆசிய விளையாட்டு ஒற்றையர் வெண்கலம் வென்றார். மறு வருடம் இந்தியன் வெல்ஸில், தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்து, அப்போது முதல் இருபது இடங்களுக்குள் இருந்த பசிலாஷ்விலியை வீழ்த்தினார். ஏப்ரலில் 75ஆம் இடம். 2019இல் நான்கு பெரும் போட்டிகளிலும் ஒற்றையர் பிரதான சுற்று ஆடினார்.

"அதில எதுவரைக்கும் போனார்?"

"நாலுலயும் முதல் சுற்றுலயே தோத்துட்டார்."

அவன் முகம் விழுந்தது. பத்திரிகைகளும் அதை ஒரு வரியில் முடித்துக்கொண்டன. எனக்கு அது பொறுக்கவில்லை. எதிரில் நின்றவர்களைப் பாருங்கள்: மெல்பேர்னில் டியாஃபோ, அவர் அங்கே கால் இறுதி வரை போனார். விம்பிள்டனில், முன்பு அங்கே இறுதியாட்டம் ஆடிய ரவோனிச். நியூயோர்க்கில் மெட்வெடேவ், அந்த முறை இறுதிவரை போனவர். காலை ஊன்றவே யோசித்திருந்த ஒருவர் 29 வயதில் அவர்கள் முன் நின்றிருக்கிறார். அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததை நான் வெற்றியாகவே எண்ணுகிறேன்.

23.11.2024, சனி

2021இல் இதே நாள் காலை. அப்போது பாலம் கட்டி முடிந்திருக்கவில்லை. ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போன மிதப்புப் படகு எங்கள் ஊரில் கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அதில் இருந்தார்கள். வீடு திரும்பாதவர்களின் நாளில், விளையாட்டுக்குத் திரும்புவதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

27.11.2024, புதன்

விடாத மழை. மைதானம் குளமாகிவிட்டது.

காக்கா மகனுடைய உம்மா கேட்டா: "திரும்பவும் என்னத்துக்கு விளையாட்டு? படிப்பப் பார்க்கட்டுமே." தாயின் கேள்வி, தட்டிவிட முடியாது. அவனிடம்தான் பதில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய டெனிஸ் வீராங்கனை ஆஷ்லி பார்ட்டிக்கு 2014இல், 18 வயதில், ஆட்டமே சுமையாகிவிட்டது. மட்டையை வைத்துவிட்டுப் போய் பிரிஸ்பேன் ஹீட் அணிக்குக் கிரிக்கெட் ஆடினார். 2016இல் தானாகத் திரும்பினார். 2019இல் பிரெஞ்சுப் பட்டம், 2021இல் விம்பிள்டன். ஆசை தானாக ஊறட்டும் என்று கூட இருந்தவர்கள் விட்டிருக்கிறார்கள். நானும் அவனை இந்தக் கிழமை மைதானத்துக்குக் கூப்பிடவில்லை.

8.12.2024, ஞாயிறு

அவனே வந்து கூப்பிட்டான். தரை ஓரளவு காய்ந்திருந்தது. அரை மணி நேர ஆட்டம். மூன்று முறை பந்து காலருகே வந்தும் ஒதுங்கினான். எல்லைக் கோட்டில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. நாலாவது முறை எதிராளியின் காலுக்கு நடுவே தன் காலைக் கொடுத்துப் பந்தை எடுத்தான். பிறகு மேலும் இரண்டு தடவை ஒதுங்கவும் செய்தான்.

முடிந்ததும் திண்ணையில் வந்து உட்கார்ந்து காலை நீட்டினான்.

"வீங்கியிருக்கா பாருங்க சாச்சா."

இரண்டு முழங்கால்களையும் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை. நாளை சுபஹுக்குப் பிறகு இன்னொருமுறை பார்க்க வேண்டும்.